அளவு பார்த்துச் சேரும் ஜோடி

கடல் மீன் விற்கும் கடையில் கோமாளி மீன் தொட்டிக்கு முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு குடுங்க" என்றுதான். கப்பி, மோலி என்று நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்களுக்கு இது இயல்பான கேள்வி. ஆனால் விரல்கணு அளவே உள்ள கோமாளி மீன் குஞ்சுகளிடம் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. அவற்றில் எதுவும் இன்னும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. எது எதுவாக ஆகும் என்பதை உடன் இருக்கும் மீன்தான் முடிவு செய்கிறது. சாதாரண ஆரஞ்சு நிறக் கோமாளி மீனை வாங்குகிறவர் இது தெரியாமல் போனாலும் தப்பித்துக்கொள்வார். குஞ்சுகள் விலை குறைவு, இரண்டையும் சிறியதாகவே வாங்குவார், காரியம் தானாக நடந்துவிடும். சிக்கல் வருவது அரிய நிற வகைகளைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான். வெள்ளைக் கோடுகள் திட்டுத்திட்டாக விரிந்த பிக்காசோ, உடலெல்லாம் வெள்ளை படர்ந்த பிளாட்டினம், கோடுகள் மின்னல்போல் உடைந்து பின்னிய லைட்னிங் மெரூன் ஆகியவற்றின் விலை சாதாரண மீனைப்போலப் பல மடங்கு. அவ்வளவு பணம் கொடுக்கிறவர், நிறம் நன்றாகத் தெளிந்த, வளர்ந்த, ஒரே மாதிரியான இரண்டு மீன்களைப் பொறுக்கி எடுக்கிறார். ஜோடி அமையாமல் போவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. கோமாளி மீன்கள் ஜோடி சேர்வது நிறத்தாலும் அல்ல, பிறப்பில் வந்த பாலாலும் அல்ல; அளவாலும் அந்த அளவு தரும் படிநிலையாலும்தான். இதை ஏற்றுக்கொண்டால், விலையுயர்ந்த மீனுக்குப் பொருத்தமான துணை பெரும்பாலும் கடையிலேயே மலிவான குஞ்சாக இருக்கும் என்ற முடிவையும் ஏற்க வேண்டியிருக்கும்.

பவளப்பாறையில் இந்த மீன்கள் வாழும் முறையிலிருந்து தொடங்கலாம். ஒரு கடல் சாமந்தியில் ஒரு சிறு கூட்டம் குடியிருக்கும். அதில் மிகப் பெரியது பெண். அடுத்த பெரியது அதன் இணையான ஆண். அவற்றுக்குக் கீழே இனப்பெருக்கம் செய்யாத சிறிய மீன்கள் சில, ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ளதைவிடச் சிறியதாக, வரிசை கட்டி இருக்கும். ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் 1977இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த ஏற்பாட்டின் ரகசியத்தைச் சொன்னது. பெண் மறைந்தால் ஆண் பெண்ணாக மாறுகிறது. அடுத்த இடத்தில் இருந்த சிறிய மீன் முதிர்ந்து ஆணாகிறது. பெண்ணின் ஓயாத மிரட்டல்தான் அதுவரை அந்த மாற்றத்தைத் தடுத்து வைத்திருக்கிறது. வீட்டில் வளர்ப்பவர் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று இதில் உண்டு: இந்தப் பாதை ஒருவழிப் பாதை. ஆண் பெண்ணாகலாம், பெண் திரும்பவும் ஆணாக முடியாது. ஆகவே வளர்ந்த இரண்டு பெண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் சமரசத்துக்கு இடமே இல்லை. கடலில் தோற்றது ஓடிவிடலாம். நூறு லிட்டர் தண்ணீரில் எங்கே ஓடும்? கடையில் இருக்கும் மிகப் பெரிய, நிறம் தெளிந்த இரண்டு மீன்கள் இரண்டுமே பெண்ணாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் நிறம் பார்த்து வாங்குகிறவர் காணத் தவறும் கணக்கு.

அளவு என்பது கோமாளி மீனுக்கு வெறும் வளர்ச்சியின் விளைவு அல்ல. அதை அந்த மீன் நிர்வகிக்கிறது. பாப்புவா நியூ கினியில் பெர்குலா வகைக் கோமாளி மீன்களை ஆராய்ந்த பீட்டர் பஸ்டன் 2003இல் இதைக் காட்டினார். வரிசையில் அடுத்தடுத்து உள்ள மீன்களுக்கு இடையே ஒழுங்கான அளவு இடைவெளி இருக்கிறது. கீழே உள்ளது தன் வளர்ச்சியைத் தானே கட்டுப்படுத்தி அந்த இடைவெளியைக் காக்கிறது. மேலே ஓர் இடம் காலியானால் உடனே வளர்கிறது. சீனியாரிட்டிப்படி பதவி உயர்வு தரும் அரசு அலுவலகத்தைப் போன்றது இது: மேலே ஒருவர் ஓய்வு பெறும்வரை யாரும் முந்தக் கூடாது. இடைவெளி குறைந்தால் என்ன ஆகும்? மேலே உள்ளது போட்டியாளரைக் கண்டதாக எடுத்துக்கொண்டு விரட்டிவிடும். சாமந்தியை இழந்த மீன் கடலில் நெடுநாள் தாங்காது. பஸ்டனும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஒரே அளவுள்ள இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து விட்டபோது அவை தனியாக வளர்ந்தவற்றைவிட வேகமாக வளர்ந்தன. ஒன்றை ஒன்று முந்துவதற்கான ஓட்டம் அது. வளர்வது மட்டுமல்ல, சுருங்கவும் இவற்றால் முடியும். பாப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் 2023இல் கடல் சூடேறியபோது 134 மீன்களை மாதந்தோறும் அளந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரு முறையாவது நீளத்தில் குறைந்திருந்தன, குறைந்தவையே அதிகம் பிழைத்தன என்று 2025இல் அந்த ஆய்வு வெளியானது. தன் உடல் அளவையே சூழலுக்கேற்ப ஏற்றி இறக்கும் ஓர் உயிரிடம், அளவைப் பொருட்படுத்தாமல் கோட்டின் வடிவத்தை வைத்து ஜோடி சேர்க்க முயல்வது வீண் வேலை.

பெண்ணாவது என்பது ஒரு நாள் காரியமும் அல்ல. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ரோட்ஸ் குழுவினர் ஆசெலாரிஸ் வகை ஆண் மீன்களை இரண்டிரண்டாகத் தொட்டிகளில் விட்டுக் கவனித்தார்கள். யார் மேல், யார் கீழ் என்பது சீக்கிரமே முடிவாகிவிட்டது. மேலிடம் பிடித்த மீனின் மூளையில், இனப்பெருக்கத்தோடு தொடர்புள்ள ஒரு பகுதியின் நரம்பணுக்கள் சுமார் ஆறு மாதங்களில் பெண்ணின் நிலைக்கு வந்துவிட்டன. அதே மீனின் இனப்பெருக்க உறுப்பு அப்போதும் பெண்ணாக மாறியிருக்கவில்லை. அதாவது இந்த மீன் முதலில் மூளையில் பெண்ணாகிறது. உடல் அதைப் பின்தொடர்ந்து, சில நேரம் மிகவும் தாமதமாக, வந்து சேர்கிறது. ஜோடி சேர்ந்துவிட்டது, ஏன் இன்னும் முட்டையிடவில்லை என்று ஆறாம் மாதத்தில் அலுத்துக்கொண்டு துணையை மாற்றுகிறவர்கள், நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் கலைக்கிறார்கள். உறவு நிலைத்துவிட்டதா என்பதற்கு முட்டையை அல்ல, நடத்தையைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த நடத்தை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியக்கூடியது. சிறிய மீனைப் பெரியது நெருங்கி வரும்போது, சிறியது விலகாமல் நின்று, உடலை ஒரு பக்கமாகச் சாய்த்து, தலையிலிருந்து வால்வரை நடுங்குவதுபோல் வேகமாக உதறும். சில நொடிகள்தான். பெரியது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விலகிப் போகும். இது வலிப்போ நோயோ அல்ல, பணிவின் அறிவிப்பு. இந்த உதறலோடு ஒலியும் உண்டு. கோமாளி மீன்கள் தாடைகளைச் சட்டென்று மூடிப் பற்களை மோதவிட்டுச் சத்தம் எழுப்புகின்றன என்பதை எரிக் பார்மான்டியே குழு 2007இல் 'சயன்ஸ்' இதழில் விளக்கியது. உடல் பெரிதாகப் பெரிதாக அந்த ஒலி தாழ்ந்து கனக்கிறது; எதிரில் இருப்பது எவ்வளவு பெரியது என்பதைக் காதாலும் அறிய அதில் வழி இருக்கிறது. துணையாகக் கொண்டுவந்த மீன் முதல் சில நாட்களில் இப்படி உதறத் தொடங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இரவில் இரண்டும் ஒரே மூலையில் பக்கத்தில் பக்கத்தில் உறங்கினால் மீதிக் கிணறும். மாறாக, இரண்டும் உதறாமல் பக்கவாட்டில் இணையாக நின்று வாயைத் திறந்து முறைத்தால், துடுப்பு கிழிவதற்கு முன்பே பிரித்துவிடுவது நல்லது. இந்தப் பணிவு எளிதாக வர வேண்டுமானால் அளவு வேறுபாடு கண்ணை உறுத்துவதாக இருக்க வேண்டும்: புதிதாக வருவது பழையதில் பாதியளவே இருந்தால் நல்லது. ஆசெலாரிஸ், பெர்குலா இரண்டும் ஓரளவு சாது. மெரூன் வகையோடு விளையாடவே கூடாது. அதன் பெண் 15 சென்டிமீட்டரைத் தாண்டும். ஆண் அதன் பக்கத்தில் குழந்தைபோல் இருக்கும். அந்த வகைக்கு, துளையிட்ட தடுப்பை நடுவில் வைத்து இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பழக வாரக்கணக்கில் இடம் கொடுத்த பிறகே தடுப்பை எடுக்க வேண்டும்.

நிறத்தை மீன் பார்ப்பதே இல்லையா என்று கேட்கலாம். பார்க்கிறது, நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளியைக்கூடப் பார்க்கிறது. ஜப்பானின் ஒக்கினாவாவில் கினா ஹயாஷி குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நேராகவே வருகிறது. முட்டையிலிருந்தே ஆய்வகத்தில் வளர்ந்த ஆசெலாரிஸ் மீன்களுக்கு, கோடில்லாமலும் ஒன்று, இரண்டு, மூன்று கோடுகளோடும் வரைந்த மாதிரிகளையும் வேற்றின மீன்களையும் காட்டினார்கள். தங்களைப்போல மூன்று வெள்ளைக் கோடு கொண்டவற்றையே அவை அதிகம் தாக்கின. கோடில்லாததையும் ஒற்றைக் கோட்டையும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இதை வைத்து, நிறம் ஜோடியைத் தீர்மானிக்கிறது என்று வாதிடலாம்தான். ஆனால் ஆய்வு சொல்வது அதற்கு நேர் எதிர்ப்பக்கம். கோடுகள் உதவுவது துணையைத் தேர்ந்தெடுக்க அல்ல. தன் வீட்டைப் பறிக்க வந்திருக்கும் தன் இனத்தானை அடையாளம் காண. 'ஒரே மாதிரியாக இருக்கிறதே, ஒத்துப்போகும்' என்று நாம் நினைக்கும் இடத்தில், மீன் 'ஒரே மாதிரியாக இருக்கிறதே, விரட்டு' என்கிறது. அந்த விரட்டலைத் தணிப்பது எதிரில் இருப்பதன் சிறிய உருவமும் பணிவும்தான். கோடு கலைந்த பிக்காசோ மீன்கள் இந்தக் கணக்கில் எங்கே வரும் என்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. ஆனால் அவை அளவு வேறுபாடு இருந்தால் சாதாரண மீன்களோடு சிக்கலின்றி ஜோடி சேர்கின்றன என்பது வளர்ப்பவர்கள் அனைவரும் அறிந்தது.

அரிய நிறமும் சாதாரண நிறமும் சேர்ந்தால் வம்சம் கெட்டுவிடாதா என்பது அடுத்த மறுப்பு. குஞ்சு பொரிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் கேட்பது நியாயம். இதற்கு மிகச் சிறந்த பதில் லைட்னிங் மெரூனின் கதை. பாப்புவா நியூ கினியின் கடலில் இப்படிப்பட்ட மீன் ஒன்று 2008இல் பிடிபட்டது, 2010இல் இன்னொன்று. இரண்டாவது மீன் அமெரிக்காவின் மினசோட்டாவில் மாட் பெடர்சன் என்ற வளர்ப்பாளரிடம் வந்தது. அதற்கு இன்னொரு மின்னல் மீனைத் துணையாகத் தேட வழியே இல்லை. அதே நாட்டிலிருந்து வந்த சாதாரண வெள்ளைக் கோட்டு மெரூன் ஒன்றையே துணையாக்கினார். 2012இல் அந்த ஜோடி முட்டையிட்டது; பொரித்த குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி மின்னல் கோடுகளோடு வளர்ந்தன. நிறம் தொலையவில்லை, சாதாரணத் துணையைச் சேர்த்ததால்தான் அந்த நிறம் ஒற்றை மீனோடு செத்துப்போகாமல் தொட்டிகளுக்கு வந்தது. பிக்காசோவிலும் கணக்கு இதுதான். அந்த மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் பிக்காசோ, இரண்டு இருந்தால் பிளாட்டினம். பிளாட்டினத்தைச் சாதாரண மீனோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே ஒரு பிரதியைப் பெறும். இரண்டு பிக்காசோக்களைச் சேர்த்தாலோ கால் பங்கு குஞ்சுகள் சாதாரணமாகவே பிறக்கும். மேலும் கோடுகள் மரபணுவால் மட்டும் எழுதப்படுவதில்லை. கிம்பே விரிகுடாவில் வெவ்வேறு வகைச் சாமந்திகளில் குடியேறிய பெர்குலா குஞ்சுகளுக்கு வெள்ளைக் கோடுகள் வெவ்வேறு வேகத்தில் தோன்றின; தைராய்டு ஹார்மோனின் அளவு அதற்குக் காரணம் என்று 2021இல் காட்டினார்கள். குஞ்சுப் பருவத்து உணவும் சூழலும் சரியில்லாத பண்ணையில் கோடு பாதியில் நின்றுபோன மீனை 'அரிய வகை' என்று விற்பதும் நடக்கிறது. அதன் குஞ்சுகள் மூன்று முழுக் கோடுகளோடு வந்து நிற்கும்போதுதான் வாங்கியவருக்கு விஷயம் புரியும்.

சேர்ந்த ஜோடியாகவே விற்கிறார்களே, அதை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லையே என்பாரும் உண்டு. உண்மையில் சேர்ந்த ஜோடி என்றால் நல்லதுதான். ஆனால் ஒரே தொட்டியில் இருந்ததால் மட்டும் 'ஜோடி' என்று பெயர் சூட்டப்பட்டவையும் அதே விலைக்கு விற்கப்படுகின்றன. இரண்டுக்கும் அளவு வேறுபாடு இருக்கிறதா, சிறியது பெரியதற்கு உதறிக் காட்டுகிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்க வேண்டாம். பார்க்கும்போதே செவுள் மூடியையும் பாருங்கள். அரிய நிற வகைகள் பல, மிகச் சில பெற்றோரிடமிருந்து பெருக்கப்பட்டவை. பண்ணைகளில் வளர்ந்தவற்றில் செவுள் மூடி முழுதாக மூடாமல், ஓரத்தில் சிவந்த செவுள் தெரிய வெளியே வளைந்து நிற்பது அடிக்கடி காணும் குறை. தாடை கோணலாக இருப்பதும் உண்டு. மேலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியும் இந்தக் குறைகளைக் கோட்டின் அழகில் மயங்கி விட்டுவிடுகிறார்கள். ஒரு நிற வகை விரும்பப்படுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரக் கரையோரக் கடலில் ஆசெலாரிஸ் இயற்கையாகவே கறுப்பாக வாழ்கிறது, மாறுபாடு கடலுக்கே புதிதல்ல. மூச்சுவிடச் சிரமப்படும் மீனை அழகு என்று விற்பதில்தான் ஆட்சேபம்.

இன்னொரு யோசனை, ஐந்தாறு குஞ்சுகளை ஒன்றாக விட்டு அவையே தீர்மானிக்கட்டும் என்பது. ஜோடி நிச்சயம் உருவாகும். உருவான மறுநாளிலிருந்து மிச்சமிருப்பவற்றின் பாடு திண்டாட்டம். அவற்றை எடுத்து வைக்க இன்னொரு தொட்டி தயாராக இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது. சாமந்தி இல்லாமல் ஜோடி சேருமா என்றால், சேரும், முட்டையும் இடும். பண்ணைகளில் பெரும்பாலும் ஒரு மண்சட்டியோ ஓடோதான் சாமந்தியின் இடத்தில் இருக்கிறது. பலத்த ஒளியும் பக்குவப்பட்ட தண்ணீரும் கேட்கும் சாமந்தியைப் புதுத் தொட்டியில் விட்டுச் சாகடித்து, அது அழுகி மீனையும் கொண்டுபோக விடுவதைவிட மண்சட்டி எவ்வளவோ மேல்.

கடைசியாக, இவற்றை வீட்டில் அடைப்பதே தவறு, கடலில் விட்டுவிடுங்கள் என்ற குரல். கடலிலிருந்து பிடித்த மீனைப் பொறுத்தவரை அந்தக் குரலோடு நானும் சேர்ந்துகொள்வேன். அரிய நிறத்துக்காகப் பாறையில் வலை போடுவது, ஒரு கூட்டத்தின் பெண்ணையோ ஆணையோ பிடுங்குவது. மேலே சொன்ன வரிசை முழுவதும் அதனால் குலைகிறது. பிடிபட்ட மீன் தோலில் கோழை படரும் புரூக்ளினெல்லா நோயோடு வந்து சில நாட்களில் சாவதும் வழக்கம். ஆனால் கோமாளி மீன், பண்ணையில் முட்டையிலிருந்து வளர்க்க முடிகிற சில கடல் அலங்கார மீன்களில் ஒன்று. நம் கரையிலேயே மண்டபத்தில் உள்ள மத்திய கடல்வாழ் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. மன்னார் வளைகுடாவில் வாழும், இரண்டு வெள்ளைக் கோடும் மஞ்சள் வாலும் கொண்ட செபே வகையும் அங்கே வளர்க்கப்படுபவற்றில் அடக்கம். பண்ணைக் குஞ்சா, கடல் மீனா என்று கேட்டு, தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் வாங்காமல் திரும்புங்கள்.

ஜோடியில் ஒன்று இறந்துபோனால் என்ன செய்வது என்பதுதான் பலர் தடுமாறும் இடம். கடலில் பெண் பெர்குலாக்கள் முப்பது ஆண்டுகள்வரை வாழக்கூடும் என்று பஸ்டனின் கணக்கீடு சொல்கிறது. தொட்டியிலும் இருபது ஆண்டுகளைத் தொட்டவை உண்டு. எனவே இந்த நிலை எல்லா வளர்ப்பாளருக்கும் என்றாவது வரும். இறந்ததற்கு நிகரான அளவில், அதே நிறத்தில் இன்னொன்றைத் தேடி அலையாதீர்கள். மிஞ்சியது பெண் என்றால் அது பெண்ணாகவே இருக்கும். ஆண் என்றால் இனி பெண்ணாகும். இரண்டு நிலையிலும் அதற்குத் தேவைப்படுவது ஒன்றேதான்: கடையில் இருப்பவற்றில் மிகச் சிறிய, செவுள் மூடி சரியாக மூடிய ஒரு குஞ்சு.